கடைசி ஆளுக்குப் பின்னால்

ஆகஸ்ட் 14, வெள்ளி

மாத்தளையில் காலையிலிருந்து வெயில். இரத்தோட்டைப் பக்கத்து மலையில் மட்டும் கறுப்பு. என் ஸ்கூட்டிக்கு ஜூட் எண்ணெய் மாற்றிவிட்டார். எடுத்து வைத்தவை: மழைக் கோட்டு, வழியில் தின்னப் பணிஸ், பிளாஸ்டர், ஜூட்டின் பிரஷர் குளிசை. குளிசை என் பையில்தான். என் புருஷனிடம் கொடுத்தால் அது கடலைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வரும்.

நாளை ஜூட்டின் பைக் குழுவோடு பாசிக்குடா. ஜூட் பலமுறை போனவர், எனக்கு முதல் தடவை. கடல் பார்க்க ஆசை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். போன மாதம் ஜூட் கடையில் தலை சுற்றி உட்கார்ந்தார். போன கிழமை கையிலிருந்த கோப்பை நழுவியது. கேட்டால், வெயிலாம். கிளினிக் போகச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. கூடப் போய்க் கண் வைத்திருக்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 15, சனி. பாசிக்குடா

காற்று. உப்பு. முதுகு வலி.

முன்னால் போகிறவர் பலீல் நானா, பார்ட்ஸ் கடைக்காரர் (இனி ப.நா.). புறப்படும் முன் சட்டம் வாசித்தார். கடைசி ஆளுக்கு ஒரேஞ்ச் மேற்சட்டை. அது எப்போதும் ஜூட். பாதை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும். ஒரேஞ்ச் கடந்த பிறகுதான் அவர் கிளம்பலாம்.

"ரேஸ் இல்ல தங்கச்சி, ஆறுதலாப் போவோம். ஒரேஞ்ச் வந்தா எல்லாரும் வந்த மாதிரி."

நான் ஜூட்டுக்குப் பின்னால் வருகிறேன் என்றேன். சிரித்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாதாம். அப்படியென்றால் கடைசி ஆளை யார் பார்ப்பது? கேட்டேன். பணிஸ் தின்றார்கள்.

கடலோர ரோடு அழகுதான். பனை, ஆடு, கருவாட்டு வாசம், இடைக்கிடை நீலம். எல்லாரும் மெதுவாக, பாட்டுப் பாடிக்கொண்டு. நான் பாதிக் கடலைத்தான் பார்த்தேன், மீதி நேரம் கண்ணாடியில் ஒரேஞ்ச். வளைவில் அது மறைந்தால் வேகத்தைக் குறைப்பேன். திரும்பத் தெரிந்தால் ஒரு 'அருள் நிறைந்த மரியே'.

மாலையில் ஜூட் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியாமல் தடவிக்கொண்டே இருந்தார். நான் கழற்றினேன். கை விறைத்துவிட்டதாம். பாசிக்குடா வெயிலில்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. ஆஸ்பத்திரி வராந்தா

உள்ளே விடமாட்டார்களாம். எழுதுகிறேன்.

விடியவே புறப்பட்டோம். பல்லேகமவில் சாப்பாடு. ஜூட் பாதிச் சோற்றை வைத்துவிட்டார். அங்கிருந்து ஏற்றம். ரிவர்ஸ்டன் உச்சியில் மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று. என் பல் கிட்டியது. மழைக் கோட்டைப் பாசிக்குடாக் கொடியிலேயே விட்டு வந்த மகாராணி நான். ஜூட் தன் மேற்சட்டையைக் கழற்றி என் மேல் போட்டு, பட்டனும் பூட்டிவிட்டார், இடது கையால். "நீ முன்னுக்குப் போ, நான் பின்னால வாறேன்."

கதகதப்பாக இருந்தது. போனேன்.

இறக்கத்தில் எஸ்டேட் ரோடு பிரியும் இடத்தில் சுரேஷ் நின்றார் (டிரைவிங் பழக்குகிறவர்). கை காட்டினார், நானும் காட்டினேன்.

இரத்தோட்டைத் தேத்தண்ணிக் கடை. ப.நா. என்னைப் பார்த்தார், எல்லாரும் வந்தாச்சு என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். ஜூட்டுக்கும் சேர்த்து பிளேன்டீ சொன்னேன். சந்தியில் சுரேஷ் நிற்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் பின் மேசையில் சுரேஷ், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

ஜூட் எங்கே என்றேன்.

"அதான் ஒரேஞ்ச் போச்சே, அக்கா," என்றார். பிறகு என் மேலிருந்த ஒரேஞ்ச் சட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

போன் எடுத்தோம். உச்சியில் சிக்னல் இல்லை. ப.நா. பைக்கைத் திருப்புவதற்குள் மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தது. கொண்டக்டர் தானாகவே வந்து சிங்களத்தில் கேட்டார், உங்கள் ஆளா மேலே என்று. வளைவில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் மதகில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாராம். பேச்சு குழறியதாம். பஸ்ஸை நிறுத்தி ஏறச் சொன்னார்களாம். அவர் சிரித்து, போகச் சொல்லிக் கை அசைத்தாராம். 'நம்ம ஆள் சந்தியில் நிற்கிறார், நான் வராமல் அவர் போகமாட்டார், இப்போது தேடி வருவார்' என்றாராம்.

சுரேஷ் கோப்பையை மேசையில் வைக்கப் பார்த்தார். அது கீழே விழுந்தது.

தேத்தண்ணிக் கடைக்காரரின் வேனில் போய் ஜூட்டைக் கீழே கொண்டுவந்தோம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டாக்டர் கேட்டது ஒன்றேதான்: எப்போது தொடங்கியது, யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை, டாக்டர். அவருக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்று சட்டம்.

ஆகஸ்ட் 17, திங்கள்

மழை. ப.நா. கஞ்சி கொண்டுவந்தார். சுரேஷ் வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. கோபம் வரவில்லை. வந்தாலாவது நல்லது.

ஜூட் கண் விழித்தார். என்னைத் தெரிகிறது. முதல் பேச்சு, ஒவ்வொரு சொல்லாக: "சுரேஷ... ஏசாத."

கஞ்சியில் மூன்று கரண்டி. பிறகு டாக்டர் வந்தார். பாரிசவாதத்தில் நேரம் முக்கியம், அது போய்விட்டது, இனிப் பொறுத்துப் பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னார். ஜூட்டிடம் குனிந்து வலது கையைத் தூக்கச் சொன்னார். கை போர்வை மேல் கிடந்தபடி கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கிட்டேனே," என்றார் ஜூட்.