நூல் கட்டாத மூன்று காய்கள்

கருவடிக்குப்பம்
8 ஜூன் 2025

அன்புள்ள கலா,

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பதில் எனக்குத் தெரியவில்லை. நம் முள்சீத்தா மரத்தில் ஏழு காய்கள் தொங்குகின்றன. அவை யார் கைபட்டு வந்தவை?

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் போய்ப் பதினேழு மாதம் ஆகிறது. இதுவரை அந்த மரத்துக்கு நான் தண்ணீர் விட்டதோடு சரி. அதன் பூ முதல் நாள் பெண், மறுநாள் ஆண். மகரந்தப் பொடி உதிரும் நேரத்தில் அதே பூவின் நடுப்பகுதி காய்ந்துவிட்டிருக்கும். அந்தப் பொடியை எடுத்துப் புதிதாக விரிந்த இன்னொரு பூவில் தொட்டு வைத்தால்தான் காய். வண்டு செய்யவேண்டிய வேலை. நம் பக்கத்தில் அந்த வண்டைப் பார்ப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் உன் டிராயிங் மாஸ்டர் பின் கேட்டைத் திறந்துகொண்டு பிரஷ்ஷோடு வந்து நிற்பார்.

"பொண்ணு இன்னிக்கி ரெடி, ப்ரொபசரே. மாப்ள நாளைக்கித்தான் வருவான். நடுவுல நான்தான் தரகன். கமிஷன் ஒரு காபி."

பத்து வருடமும் அதே ஜோக். ஒரு நாளும் நான் சிரித்ததில்லை.

போன வருடம் ஒரு காய்கூட இல்லை. இந்த வருடம் ஏழு. அதில் நான்கின் காம்பில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறது. தொட்ட பூவுக்கு அவர் வைக்கும் அடையாளம். முடிச்சும் அவருடையதே. இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம்.

தெரு கூட்டும் மண்ணாங்கட்டியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"மாசி மாசமே பாத்தேனே மேடம். மத்தியான வெயில்ல மதிலுக்கு மேல நீலக் கொட மட்டும் போவுது. சார் கொடதான், ஒரு கம்பி ஒடஞ்சது. நீங்க காலேஜ்ல இருந்தீங்க. பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல."

நீயாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அந்த மாதிரி விஷயங்களை நான் நம்புகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் காலை ஆறே முக்கால் ஆனால் காது தானாகப் பின் கேட்டுக்குப் போய்விடுகிறது. கொக்கி சத்தம், பிறகு அவருடைய அந்த இருமல். இருமலும் கேட்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணன் வீடு உனக்கு ஒத்துப்போகிறதா?

அரீபா

*

ரெட்டியார்பாளையம்
14.6.2025

அரீபாவுக்கு,

பதினேழு மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் காயைப் பற்றி.

நான் எதையும் மறக்கவில்லை. அவர் போவதற்கு முந்திய ஆகஸ்ட் மாதம், இரண்டாவது ஊசி போட்ட வாரம். முடியெல்லாம் கொட்டி, தொப்பி போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். "நாலு எல குடுங்களேன் ப்ரொபசரே, நான் செத்தா ஒங்க மரத்து மேல கேஸ் போட மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேன்சருக்கு முள்சீத்தா இலை என்று ஊரெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்த நேரம். நீ என்ன செய்தாய்? உட்காரவைத்துப் பாடம் எடுத்தாய். கண்ணாடிக் குழாயில் நடப்பது வேறு, மனித உடம்பில் நடப்பது வேறு, அதிகம் குடித்தால் நரம்புக்குக் கெடுதல், ஆதாரம் இல்லாததை நான் தரமாட்டேன். அவர் நட்டு, அவர் தொட்டுக் காய்க்க வைத்த மரம் அது. வீட்டுக்கு வந்து, "ப்ரொபசர் ஃபெயில் போட்டுட்டா கலா" என்றார்.

அவர் வருகிறாரா? வரட்டும். உன் வீட்டுக்குத்தானே போவார். இங்கே நான் இன்னமும் அவருக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்து வைக்கிறேன். அண்ணி ஒன்றை எடுத்து அடுக்கிவிடுகிறாள். ஒரு நாளும் என்னிடம் வந்ததில்லை.

இனி எழுதாதே.

சந்திரகலா

*

கருவடிக்குப்பம்
20 ஜூன் 2025

அன்புள்ள கலா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் போட்டுவிடலாம், அது உன் இஷ்டம்.

அன்று நான் சொன்ன விஷயம் சரி. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொன்ன விதம் தவறு. உயிருக்குப் பயந்து வந்தவரிடம் வைவா பரீட்சை நடத்தினேன். அவர் பயந்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என் குரல் இன்னும் கறாராகிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான் ஆகும். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் நீ ஒருத்திதான் அதைக் கண்டுபிடித்திருக்கிறாய்.

போன வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டுப் பின்கட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். குடை வரவில்லை. யாரும் வரவில்லை. ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி செய்கிற காரியமா இது என்று கேட்காதே, நானே கேட்டுக்கொண்டேன்.

காய்கள் பெரிதாகிவிட்டன. பழுத்ததும் முதல் பழம் உனக்குத்தான். கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா? மணி அடிக்க மாட்டேன்.

அரீபா

*

ரெட்டியார்பாளையம்
1.7.2025

அரீபா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கமாட்டேன்.

குடை நான்தான். அடுத்த தெருவில் இருந்தபோது நீ கொடுத்த பின் கேட் சாவி என்னிடமே இருந்தது. மாசியில் இரண்டு நாள், நீ காலேஜில் இருக்கும்போது வந்தேன். அவர் பிரஷ், அவர் நூல்கண்டு, அவர் குடை. அந்த முடிச்சை எனக்கு அவர் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தார். யாரும் தொடாமல் அந்த மரம் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் நான் அங்கே வந்தது அது முதல் தடவை இல்லை.

இலை தரமாட்டேன் என்று நீ சொன்ன மறுநாளிலிருந்தே வந்தேன். தினம் ஒன்பது இலை. கொதிக்கவைத்துக் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீ மனசு மாறிக் கொடுத்ததாகச் சொன்னேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! "ப்ரொபசரே குடுத்துட்டாளா? அப்ப இதுல என்னமோ இருக்கு கலா. சும்மா குடுக்கிற ஆளா அவ!"

அதற்குப் பிறகு ஊசிக்குப் போக மாட்டேன் என்றார். இலை கேட்கிறது, உடம்புக்குத் தெம்பு வருகிறது என்றார். இரண்டு ஊசி தவறிப்போனது. நான் வற்புறுத்தவில்லை. அவர் வாந்தி எடுக்காமல் சாப்பிட்ட நாட்கள் அவை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னைத்தான் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை.

இலையை நம்பி அவர் நிறுத்தவில்லை, அரீபா. உன்னை நம்பித்தான் நிறுத்தினார். உன் பெயரைச் சொன்னது நான். அதை மறைக்கத்தான் உன்மேல் கோபமாக இருந்தேன். கோபம் இருந்தவரை வேறு எதையும் நினைக்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு சுகர் மாத்திரை டப்பாவில் சாவியை வைத்து இதோடு அனுப்புகிறேன். இனி வரமாட்டேன்.

இன்னொன்று. நான் தொட்டது நான்கு பூ. நான்குக்கும் நூல் கட்டினேன். மற்ற மூன்று எனக்குத் தெரியாது.

கலா

*

கருவடிக்குப்பம்
6 ஜூலை 2025

அன்புள்ள கலா,

டப்பாவைப் பிரித்தேன். சாவி மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த இரண்டு ஊசியும் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரியாது என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே யாருக்கும் தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நீ மட்டும் மறைத்ததாக நினைக்காதே. அந்த ஆகஸ்டில் மரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. கையெட்டும் உயரத்தில் மட்டும். காம்போடு, சுத்தமாக. செடிகொடியைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆடு என்று சொல்லிக்கொண்டேன். பூட்டிய கேட்டுக்குள் எந்த ஆடு வரும்? தினமும் காலையில் காபி டம்ளரோடு அந்தக் கிளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கேட்டிருந்தால் தடுக்கவேண்டியிருக்கும். மறுபடி ஒரு தடவை அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் பெயர் அவர் வாயில் மருந்தாக இருந்தது எனக்குத் தெரியாதுதான். இலை போகிறது என்பது தெரியும்.

அதனால் சாவியை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தக் கடிதத்தோடு அதே டப்பாவில் உனக்கே அனுப்புகிறேன். பூட்டை மாற்றமாட்டேன். பருவம் தப்பி ஒரு மொட்டு வந்திருக்கிறது, நாளை விரியும் போலத் தெரிகிறது. பின்னால் இன்னும் இரண்டு இருக்கின்றன. நான் காலேஜில் இருக்கும்போது வரவேண்டாம். இருக்கும்போது வா.

அரீபா

7 ஜூலை, திங்கள்

நேற்று ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

காலையில் பூ விரிந்தது. ஏழு மணிக்குப் பார்த்தேன். பெண்நிலை, நடுவில் ஈரம், பொடி இல்லை. தலைவலி என்று காலேஜுக்குப் போகவில்லை. பகல் ஒன்றே முக்காலுக்குப் பின் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது. சாவி மேஜையில் என் கண் முன்னால் கிடந்தது. உடனே எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனேன். கேட் பூட்டியே இருந்தது. காற்றும் இருந்தது, அதையும் எழுதவேண்டும்.

பூவின் நடுவில் வெளிர்மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது. மரத்தில் வேறு விரிந்த பூ எதுவும் இல்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலாவது மரம் இருக்கலாம். வண்டாக இருக்கலாம். நோட்டில் வண்டு என்றே குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நூல் கட்டியிருக்கவில்லை. வீட்டில் இருந்த மஞ்சள் நூலை எடுத்து நானே கட்டினேன். இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம். கையை எடுத்ததும் அவிழ்ந்து விழுந்தது. மறுபடி கட்டினேன். மறுபடியும் விழுந்தது.