பென்டிரைவில் ஒட்டிய பெயர்

அன்பு மகன் விஜய்ராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், ஸ்வீடன் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். உன் வேலைக்கு ஆபத்தில்லை என்று நேற்று நீ அப்பாவிடம் போனில் சொன்ன பிறகுதான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது. அப்பா தனக்கே பிரமோஷன் வந்த மாதிரி கம்பம் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

எல்லாம் என்னால் வந்த வினை. சபையின் அறுப்பின் பண்டிகைக்கு, நம் சின்னமனூர் கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு, நீ அனுப்பிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதை எழுதிய மூல வரிகளான சோர்ஸ் கோடோடு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். நம் சபையில் ஃபேன் கொடுத்தாலும் டியூப் லைட் கொடுத்தாலும் பெயர் எழுதித்தானே பழக்கம்? அந்த நினைப்பில் 'அன்பளிப்பு: விஜய்ராஜ்' என்று ஸ்டிக்கர் அடித்து, கூடவே உன் கம்பெனி பெயரையும் போட்டேன், அதுவும் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். யாரோ அதைப் போட்டோ எடுத்து நெட்டில் போட, எங்கள் பெயரில் கொடுக்க அனுமதித்தது யார், எங்கள் கோடு வெளியே போய்விட்டதா என்று அவர்கள் உன்னை விசாரணையில் உட்கார வைப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்பா ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு தேனிக்கு வக்கீல் செல்வினிடம் ஓடினார். சும்மா கிடைக்கிறதக் காப்பி போட்டுக் கொடுத்தா தப்பில்லண்ணே, லைசென்ஸ் கூடவே இருக்கணும், ஆனா தம்பி கம்பெனிக்காக எழுதுனதுல ஒரு வரி கலந்திருந்தாலும் அது அவுக சொத்து, இப்படி ஒரு கேஸ் இங்கன வந்ததே இல்ல, உறுதியாச் சொல்ல முடியாது என்றாராம். அந்த ஒரு வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நீ அப்படிச் செய்கிறவன் இல்லை என்று தெரியும், பெற்ற மனசு கேட்கவில்லையே. இப்போது உன் கம்பெனிக்காரர்களே நீ அனுப்பியதைத் திறந்து பார்த்து, முழுக்கப் பொதுவான கோடுதான், லைசென்ஸும் உள்ளே இருக்கிறது, தாராளமாகக் கொடுங்கள், எங்கள் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்களே, அப்பாடா.

பென்டிரைவையெல்லாம் திரும்ப வாங்கித் தேங்காயெண்ணெய் தொட்டு ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருக்கிறேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து சென்டருக்குப் படிக்க வரும் ஹேமாவதி மட்டும், பேர உரிச்சுக்கங்க டீச்சர், உள்ள இருக்கிறத அழிச்சிராதீக என்று பக்கத்திலேயே நின்றாள். சபையில் நீ கொடுத்த ஃபேனிலும் அதைச் செய்த கம்பெனியின் பெயர் இருக்கிறதாம், அதையும் சுரண்டட்டுமா என்று அப்பா ஏணியைத் தூக்கிவிட்டார். அதில் சோர்ஸ் கோடு ஓடவில்லை, ஏணியை வையுங்கள் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். இனி எதை அனுப்பினாலும் எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. ஊருக்கு உன்னைக் காட்டிக்கொள்ளத்தான் அந்தக் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டேன் மகனே. புது ஸ்டிக்கரில் 'விஜய்ராஜ், சின்னமனூர்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உன் அம்மா,
சொர்ணலதா