செவ்வாய்க்கிழமை மாத்திரை

போடிநாயக்கனூர்
12.6.2024

டாக்டர் முத்துக்கண்ணன் ஐயாவுக்கு, மகாராணி கும்பிட்டு எழுதுறது.

நல்லா இருக்கீகளா? போன்ல பேசுனா உங்களுக்குக் காது கேக்க மாட்டேங்குது. அதான் கடுதாசி. எழுதுனா விரலுக்கும் ஒரு சோலியாச்சுன்னு நீங்கதானே சொன்னீக. நல்ல சோலிதான் போங்க, இந்த நாலு வரிக்கே கட்டைவிரலு கத்துது.

நீங்க பாட்டுக்குக் கிளினிக்கைப் பூட்டிட்டு மகன் வீட்டோட கோயம்புத்தூர் போயிட்டீக. பதினோரு வருசமா இந்த முடக்குவாதத்தை உங்களை நம்பித்தான் சுமந்தேன். இப்ப டாக்டர் டாக்டரா அலையுறேன். மொதல்ல பார்த்தவரு கம்ப்யூட்டரையே பார்த்துப் பேசினாரு. நான் எந்திரிச்சுப் போயிருந்தாக்கூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அடுத்தவரு ஊசி போட்டாரு. வலி பறந்துருச்சு, சரிதான். ஆனா வாராவாரம் வரணுமாம். நாலு ஊசியில முகம் பூசணிக்காயாட்டம் ஊதிப்போச்சு. எங்க வீட்டுக்காரரு கன்னையன், "என்னடி, எஸ்டேட் முதலாளி வீட்டம்மா மாதிரி ஆயிட்ட"ங்கிறாரு. குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுற ஆளுக்கு வாய்க்கொழுப்பைப் பாருங்க.

ஏலக்கா ஸ்டோர்ல தரம் பிரிச்சுக் காய் பொறுக்குற எனக்கு விரல் இல்லாட்டி என்ன இருக்கு? ஒரு நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னாவது சொல்லுங்க.

உங்க பழைய பேசண்டு,
மகாராணி


கோயம்புத்தூர்
20.6.2024

அன்புள்ள மகாராணி,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து கோணினாலும் வாய் கோணவில்லை என்று தெரிகிறது. சந்தோஷம்.

அந்த ஊசிக்காரரிடம் இனிப் போகாதே. நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. அவர் உன் விரல்களைக் கையில் வாங்கி மூட்டு மூட்டாகத் தொட்டுப் பார்க்கிறாரா என்று பார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிறாரா? உன் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், கொஞ்சம் திட்டினாலும் பரவாயில்லை. என்னைப் போல் இருக்க வேண்டும் என்று தேடாதே. அப்படித் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாத்திரையை மறந்துவிடாதே. வாரத்துக்கு ஒன்றுதான். நீ விரதம் இருக்கிற நாள் என்பதால்தான் அந்தக் கிழமையைப் பிடித்துக் கொடுத்தேன்.

இனி என்னிடம் மருந்து கேட்காதே. ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்கிறவன் டாக்டர் இல்லை.

உன் விரல்கள் ஒவ்வொன்றையும் விசாரித்ததாகச் சொல்.
முத்துக்கண்ணன்


போடிநாயக்கனூர்
9.8.2024

டாக்டர் ஐயாவுக்கு,

மலையில விடாத சாரல். ஈரக்காத்து இறங்குனாலே என் மூட்டுக்குத் தெரிஞ்சிருது. ரெண்டு வாரமா வேலைக்குப் போகலை. தலை சீவ முடியலை. கன்னையன்தான் சடை போட்டு விடுறாரு, ஜீப்புல லோடு கட்டுற மாதிரி. சிரிக்கணும்னு நெனச்சேன், அழுகைதான் வந்துச்சு.

நம்ம தெருமுக்குல புதுசா ஒரு கிளினிக்கு. அனுப்பிரியான்னு ஒரு சின்னப் பொண்ணுதான் டாக்டரு. என் மகன் முத்துப்பாண்டி வயசுதான் இருக்கும். உள்ள போன உடனே, "பழைய சீட்டெல்லாம் எங்கம்மா? ரத்த டெஸ்ட் எடுத்து எத்தனை மாசம் ஆச்சு? இந்த மாத்திரை போடுறவங்க இப்படி இருக்கலாமா?"ன்னு ஒரே ஏச்சு. நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? அது எழுதிக் குடுத்த சீட்டைக் கசக்கி எறிஞ்சுட்டு வந்துட்டேன்.

மருந்து கேக்காதன்னு சொன்னீக. நெசந்தான். ஆனாலும் தாங்க முடியலை ஐயா. உங்க கைராசிக்கு ஒரு வார்த்தை எழுதுனாப் போதும், அதைச் சாமி வாக்கா எடுத்துக்குவேன்.

வலியோட,
மகாராணி


கோயம்புத்தூர்
17.8.2024

மகாராணிக்கு,

நீ வலியில் இருப்பதை என்னால் படிக்க முடியவில்லை. இனிமேல் செவ்வாய்க்கிழமை மாத்திரையைத் தினமும் ஒன்று போடு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. சரியாகிவிடும்.

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா?

முத்துக்கண்ணன்


போடிநாயக்கனூர்
24.9.2024

டாக்டர் ஐயாவுக்கு,

இந்தக் கடுதாசியை மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இதையாவது அனுப்பணும்.

நீங்க சொன்னபடி தினமும் போட்டேன். வாரத்துக்கு ஒண்ணுதானேன்னு மனசு இடிச்சுச்சு. ஐயா மாத்திச் சொன்னா காரணம் இருக்கும்னு முழுங்கிட்டேன். ஒரு வாரம் தாண்டலை, வாயெல்லாம் புண்ணு. கஞ்சித்தண்ணிகூட இறங்கலை. காய்ச்சல்ல பிதற்ற ஆரம்பிச்சேனாம். கன்னையன் என்னைத் தூக்கிட்டு வெரசா ஓடுனது அந்தத் தெருமுக்குக் கிளினிக்குக்குத்தான்.

அந்தப் பொண்ணு என் வாயைத் திறந்து பார்த்த உடனே, "வாரத்துக்கு ஒண்ணு போடுற அந்த மஞ்ச மாத்திரையைத் தினமும் போட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. அதுவே வண்டி சொல்லி, தேனி பெரியாசுபத்திரிக்குக் கூடவே வந்துச்சு. ரத்தத்துல அணுவெல்லாம் செத்துப் போச்சாம். இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா நான் இல்லையாம்.

யாரு சொன்னாங்கன்னு கேட்டுச்சு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு சொன்னேன். இந்தக் கன்னையன் இருக்காரே, சட்டைப் பையிலயிருந்து உங்க கடுதாசியை எடுத்து நீட்டிட்டாரு. அது படிச்சுட்டுத் திட்டலை ஐயா. மறுபடியும் ஒருக்கா படிச்சுச்சு. அப்புறம், "அவருக்குத் தெரியணும்மா. வேற யாருக்கும் இப்படி எழுதிடக் கூடாது. நான் எழுதுனா அவருக்கு அவமானமா இருக்கும், நீங்களே எழுதுங்க"ன்னுச்சு.

எனக்கு மகளே இல்லை ஐயா. முத்துப்பாண்டி ஒருத்தன்தான். கல்யாணம் என்கூடக் காய் பொறுக்குற ராக்கு மகளுக்கு. அதைப் படிச்சப்பவே நான் முழிச்சிருக்கணும்.

உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. பயந்தான். தயவுசெஞ்சு நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க.

இப்பவும் உங்க பேசண்டுதான்,
மகாராணி


கோயம்புத்தூர்
5.10.2024

அன்புள்ள மகாராணி,

படித்தேன். ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை. நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன், கடைசியில் உன்னைக் கொல்லப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

என் பெயர் அச்சடித்த மருந்துச் சீட்டுத் தாள்களை எல்லாம் மகனிடம் கொடுத்துவிட்டேன். முந்தாநாள் அவன் என்னை ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனான். முதல் தடவையாக நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அப்பா ராத்திரி தூங்குறாரா? வழி மறக்குறாரா?" எல்லாவற்றையும் அவனிடமே கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். நீ அலைந்த அலைச்சல் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நோயின் பெயரை என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணை விடாதே. அவள் திட்டினால் கேட்டுக்கொள். என் கடிதத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

தலைகுனிந்து,
முத்துக்கண்ணன்


கோயம்புத்தூர்
28.1.2025

அன்புள்ள மகாராணி,

கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்ததிலிருந்து உன் கவலைதான். புது டாக்டர் யாராவது கிடைத்தாரா? விரல்களைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்க்கிறவராகப் பார். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். வாரத்துக்கு ஒன்றுதான்.

ஒன்று கேட்க வேண்டும். யாருக்கோ எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது. மகனைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். நான் உனக்கு ஏதாவது தப்பாகச் சொன்னேனா?

முத்துக்கண்ணன்


போடிநாயக்கனூர்
4.2.2025, செவ்வாய்

டாக்டர் ஐயாவுக்கு, மகாராணி கும்பிட்டு எழுதுறது.

புது டாக்டர் கிடைச்சாச்சு ஐயா. பேரு அனுப்பிரியா. சின்னப் பொண்ணு, வாய் பெருசு. போன உடனே ஒரு ஏச்சு ஏசும். அப்புறம் என் ரெண்டு கையையும் மடியில வாங்கி வச்சுக்கிட்டு ஒவ்வொரு மூட்டா அமுக்கி, "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா"ன்னு என் முகத்தையே பார்க்கும். நீங்க சொன்ன மாதிரியேதான் பார்த்துப் பிடிச்சேன். கொஞ்ச கொஞ்சமாக் காய் பொறுக்கப் போறேன். சடை நானே போட்டுக்கிறேன்.

இன்னிக்குச் செவ்வாய். மாத்திரை போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு.

இல்லை ஐயா, நீங்க எனக்கு எதுவும் தப்பாச் சொல்லலை. பதினோரு வருசத்துல ஒரு தடவைகூடச் சொல்லலை. நீங்க நிம்மதியாத் தூங்குங்க. மறுபடி படபடன்னு வந்தா எனக்குக் கடுதாசி போடுங்க, இதையே மறுபடியும் எழுதுறேன். என் விரலுக்கும் சோலி வேணும்ல.

என்னைப் பத்தியே எழுதிட்டேன். உங்க டாக்டரு எப்படி ஐயா? உங்க முகத்தைப் பார்த்துப் பேசுறாரா?

என்னைக்கும் உங்க பேசண்டு,
மகாராணி