உங்கள் பெயருக்கு ஒப்புக்கொடுத்த பூசை

என் அன்ரன் அண்ணைக்கு,

உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு ரொறன்ரோவில் திரிகிற தம்பி எழுதுகிறேன். பயமாயிருக்கிறது, அண்ணை. வருகிற வியாழக்கிழமை என் அகதி விசாரணை. முதலில் சத்தியம் பண்ணச் சொல்வார்களாம், அடுத்ததாகப் பெயரைக் கேட்பார்களாம். லோயர் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. வள்ளத்தில் நேவிக்காரரின் துவக்குச் சூடு பட்டு உங்களைக் கரைக்குக் கொண்டுவந்தபோது, உங்கள் பாஸ்போட் தபாலில் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அம்மா அதை என்னிடம் நீட்டினா. "அவன் இனிப் போகேலாது. அவன்ரை பேராவது போகட்டும். நீ தப்பிப் போ ராசா" என்றா. நம் இரண்டு முகமும் ஒரே அச்சுத்தானே, வழியில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. உங்கள் சாவை நாங்கள் பதியவில்லை. பதிந்தால் பாஸ்போட் செத்துவிடும்.

இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் உங்கள் பெயரில் கோப்பை கழுவுகிறேன். உங்கள் பெயரில்தான் றீற்றாவைக் கல்யாணம் முடித்தேன். கோயில் புத்தகத்தில் மாப்பிள்ளை நீங்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கோ. எங்காவது "அன்ரன்" என்று கூப்பிட்டால் நான் திரும்ப ஒரு கணம் பிந்தும். அந்தப் பிந்தலை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாலு வருடமாய்ச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது வோபர்னில், ஒரு வீட்டின் பேஸ்மன்றில். மேலே வீட்டுக்காரி மிஸிஸ் டூலன் இருக்கிறா. எழுபதைத் தாண்டிய மனிசி, எங்களைப்போலக் கத்தோலிக்கம். அவவின் பூட்டன், பெயர் பற்றிக், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்த காலத்தில் கப்பலேறி இங்கே வந்தவராம். அந்தப் பூட்டனின் அடியைத் தேடுவதுதான் மனிசிக்கு முழுநேர வேலை. அயர்லாந்துக் கோயில்களுக்குக் கடிதம் போடுவா. லைப்ரரியில் பழைய பதிவுகளின் பிலிம் சுருளை மெசினில் மாட்டி, மூக்குத் திரையில் முட்ட வாசிப்பா. கண் மங்கத் தொடங்கியதும் என்னைக் கூட்டிப்போனா. ஞானஸ்நானப் புத்தகம் எந்த ஒழுங்கில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும்தானே. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், பிறகு ஞானத் தாய் தகப்பன். உலகம் முழுக்க அது ஒன்றுதான் போல.

கப்பல் பட்டியலில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள், பற்றிக்கும் மைக்கலும். இங்கே வேலைக்கு வரச்சொல்லி ஒரு உறவினர் எழுதிய கடிதம் மனிசியிடம் இன்றும் இருக்கிறது. அது பற்றிக்கின் பெயருக்கு மட்டும் வந்த கடிதம். போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரையில் காய்ச்சல்காரரை வைத்திருந்த கொட்டில்களில் செத்தவர்களின் பட்டியலை வாசித்துக்கொண்டு போனேன். அதில் பற்றிக்கின் பெயர் கிடந்தது. அதே குடும்பப் பெயர், அதே வயது, அதே ஊர். மிஸிஸ் டூலன் சிரித்தா. "எழுதினவன் பிழையாக எழுதிவிட்டான். செத்தவன் எப்படி இரண்டு வருடத்துக்குப் பிறகு கல்யாணம் முடிப்பான்?" என்றா.

கல்யாணம் முடித்த பற்றிக்குக்கு மூத்தது ஆண் பிள்ளை. ஞானஸ்நானப் பெயர் மைக்கல்.

அந்த வரியை நான் திரும்பவும் வாசித்தேன், அண்ணை. றீற்றா அப்போதே பிள்ளைத்தாச்சி. பொடியன் பிறந்தால் என்னுடைய சொந்தப் பெயரை வைப்பதென்று நான் முன்னமே தீர்மானித்திருந்தேன். வேறென்னத்துக்கு? அந்தப் பெயரை வீட்டுக்குள் ஒருவர் சத்தமாகக் கூப்பிடக் கேட்கத்தான். அந்த ஐரிஷ்காரன் என்ன செய்தான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று மனிசி கேட்பா. வாயை மூடிக்கொண்டு சுருளைச் சுற்றி வைத்தேன்.

பிறகு உங்கள் ஆண்டு நினைவு நாள் வந்தது. பூசை ஒப்புக்கொடுக்காமல் விட மனம் கேட்கவில்லை. இங்கே கோயில் வாசலில் அதற்கென்று உறை வைத்திருப்பார்கள். 'யாருக்காக' என்ற கோட்டில் உங்கள் பெயரை எழுதினேன். ஊரில் பங்குச் சுவாமியின் காதில் சொல்லிவிட்டு வருவோமே, இவரும் மனதுக்குள் நினைத்து ஒப்புக்கொடுப்பார் என்று எண்ணிவிட்டேன். 'வேண்டுபவர்' என்று இன்னொரு கோடு இருந்தது. அதில் வேறு எந்தப் பெயரை எழுத? அங்கேயும் உங்கள் பெயர்தான். விசரன் நான்.

ஞாயிறு பார்த்தால் பங்குத் தாளில் அச்சடித்தே இருக்கிறது: அன்ரன் சூசைப்பிள்ளையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வேண்டுபவர் அன்ரன் சூசைப்பிள்ளை. சுவாமி அதை மைக்கில் உரத்து வாசித்தார். றீற்றா என் கையைக் கிள்ளியது இன்னும் நீலமாய்க் கிடக்கிறது. இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால் இருந்த மிஸிஸ் டூலன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தா.

அன்று பின்னேரமே படியிறங்கி வந்தா. கையில் பங்குத் தாள்.

"செத்தது யார்?"

"என் அண்ணா."

"அப்படியென்றால் நீ யார்?"

நாலு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கட்டிலில் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், வள்ளம், பாஸ்போட், அம்மா. பிறகு அவவின் பூட்டனைப் பற்றியும் சொன்னேன். கொட்டிலில் செத்தது உண்மையான பற்றிக், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனது மைக்கல் என்றேன்.

மனிசி பங்குத் தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கினா. பிறகு கோபம் வந்தது. "கிழவனாகும் வரை இருந்தானே, ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?"

"பயம்."

"வேலை கிடைத்து, வீடு கட்டி, பேரப்பிள்ளை கண்ட பிறகுமா?"

"ஓம், மிஸிஸ் டூலன். அது போகாது."

"அப்போ இத்தனை காலம் நான் மெழுகுதிரி கொளுத்தினது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. எழும்பிப் போகும்போது, உங்கள் குழியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. ஒன்றுமில்லை, வெறுஞ்சிலுவை என்றேன். படியில் நின்று, "நானாகப் போய் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்றா.

அதற்குப் பிறகு மேலே ரெலிபோன் அடித்தாலே நான் படியடியில் போய் நின்று காது கொடுப்பேன். றீற்றா இரண்டு நாள் என்னோடு சண்டை. "உண்மையைச் சொல்லி, அவங்கள் திருப்பி அனுப்பிப்போட்டால்? வயித்துப் பிள்ளையோடை நான் ஆரிட்டைப் போறது? பேசாமல் இருங்கோ!" அவள் கேட்டதில் என்ன பிழை? திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் எந்தப் பெயரைச் சொல்லி இறங்குவேன் என்பதுகூட எனக்குத் தெரியாது.

நேற்றுக் காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அவளே கேட்டாள்.

"அந்த மைக்கலைக் கட்டின மனிசிக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியாதப்பா. புத்தகத்திலை அதெல்லாம் எழுதியிருக்காது."

"தெரிஞ்சிருந்தால் பாவம் அவள். தனிய இருக்கேக்கை நான் உங்கடை பேரைச் சொல்லிப் பாக்கிறனான். சத்தம் வராமல்." கோப்பையை என் முன்னால் வைத்தாள். "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. நான் வெளியிலை இருக்கிறன்."

அண்ணை, எனக்குத் துணிவு வந்துவிட்டது என்று நினைக்காதையுங்கோ. பொய் சொன்னவன் என்று என்னைத் தள்ளிவிடலாம். லோயரிடம் இன்னும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லவேண்டும், அதற்கே பயம். நீங்கள் என் இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் பெயரில் வாழ்ந்து, என்னைப் பெயரில்லாமல் மண்ணுக்குள் விட்டிருப்பீர்களா?

நம் ஆட்கள் இங்கே ஒரு ஏடு நடத்துகிறார்கள். வியாழன் கழிந்ததும் இந்தக் கடிதத்தை அதற்குக் கொடுப்பேன். என்னைப்போல ஒரு கணம் பிந்தித் திரும்புகிறவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

வியாழக்கிழமை கேட்கும்போது, அன்ரன் சூசைப்பிள்ளை செத்துவிட்டார் என்று சத்தியத்தின்மேல் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அதோடு உங்கள் பெயர் முழுக்க உங்களுடையது. என்னுடையதை இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
லோறன்ஸ்