பதினோரு கணினிக்குப் பத்து விளையாட்டு

மார்ச் 4, செவ்வாய்

பழைய கணினிகள் வந்துவிட்டன. பன்னிரண்டு. கோயில் பின்கட்டில் நான் முட்டைக்கோஸ் அடுக்கும் பலகை மேலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஜியான் டீச்சர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் லினக்ஸ் ஏற்றினார். பழைய பெட்டியிலும் ஓடுமாம், காசும் கிடையாதாம். பதினொன்று பிழைத்தது. ஒன்றுக்குப் படம் காட்டத் தெம்பில்லை, மூலையில் கிடக்கிறது.

மாலை வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். போனில் ஆடும் விளையாட்டெல்லாம் இதில் வராது என்றதும் பாதி முகம் விழுந்துவிட்டது. டீச்சர் ஒரு பட்டியலைத் திறந்தார். இழுக்க இழுக்க விளையாட்டு, தட்டினால் வந்து இறங்குகிறது. எடுக்க ஆள் வேண்டாம். வேண்டாததைக் கழிக்கத்தான் ஆள் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஊர்த்தலைவர் ஹோங் வந்தார். பத்து விளையாட்டுதான் இருக்கலாம், 22ஆம் தேதி பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்றார். யார் தேர்ந்தெடுப்பது? டீச்சர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறவர். மற்றவர்களுக்குக் கடல் வடிந்தால் சிப்பி வளர்க்கும் பாத்தியில் வேலை, ஏறினால் கொட்டகையில் சிப்பி உடைக்கும் வேலை.

"சூ-யுன் அக்கா, மத்தியானம் நீங்க சும்மாதானே இருக்கீங்க."

சும்மாவா. இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் சமைக்கிறதாம்?

"நான் அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சேன்" என்றேன்.

"இந்தப் பிள்ளைங்கள்ல பாதி அதுக்கும் கீழதான் அக்கா."

சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் சாப்பிட வரும் பிள்ளையின் முகம் தெரியும். அதனால் நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். என்ன விளையாட்டு. எவ்வளவு நேரம். சாப்பிட எத்தனை தடவை கூப்பிட்டேன். தோற்றவன் சாப்பிட்டானா.

எழுத்து மழையாக விழும், கீழே வருமுன் தட்ட வேண்டும் — நான்கு நிமிடம், ஒரு தடவை, சாப்பிட்டான். பென்குயின் கார்ப் பந்தயம் — ஆறு நிமிடம், இரண்டு தடவை, சாப்பிட்டான், ஆனால் பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடித்துக்கொண்டே. முத்திரை குத்திப் படம் வரைவது — தோல்வியே கிடையாது, சின்னதுகளுக்கு நல்லது. டாங்கி சண்டை — கய்-லுன் தோற்று அழுது சோற்றைத் தள்ளிவிட்டான். அடித்துவிட்டேன். கய்-லுனை இல்லை, நோட்டில் டாங்கியை.

டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இத யாருமே இப்படிப் பார்த்ததில்ல பாட்டி" என்றார். சந்தையில் மூன்று பேரிடம் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

கட்டை விளையாட்டு ஒன்று வந்திருக்கிறது. மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி, வீடு, பாலம் என்று கட்டிக்கொண்டே போகலாம். கேட்டு வாங்கியது என் பேத்தி பின்-ரூ. ஐந்தாம் வகுப்பு. இப்போதே டீச்சர் அவளிடம் சந்தேகம் கேட்கிறார் — இதையும் சந்தையில் சொல்லியாகிவிட்டது.

எட்டுப் பேர் ஒரே ஊருக்குள் இறங்கிக் கட்டுகிறார்கள். மற்றவர்கள் உள்ளே வர பின்-ரூவின் கணினிதான் வழி விடுகிறதாம். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். ஏழு தடவை. மற்ற பிள்ளைகள் வந்தபிறகும் அவள் வரவில்லை. என் பேத்தி.

எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் எதை எழுத? அதற்கு முடிவே இல்லை.

மார்ச் 19, புதன்

எழுதத்தான் வேண்டும். வேறு எங்கே சொல்ல.

அந்த விளையாட்டை நானே ஆடிப் பார்க்காமல் கழிப்பது நியாயமில்லை என்று மதியம் உட்கார்ந்தேன். அடுப்பில் சோயா ஊற்றிய பன்றிக்கறி, சின்னத் தீ. காலடி மண்ணை வெட்டினேன். வெட்ட வெட்ட உள்ளே போனேன். பிறகு ஏறத் தெரியவில்லை. சுற்றிலும் இருட்டு. பக்கவாட்டில் வெட்டினேன், தண்ணீர் வந்தது. கடைசியில் எப்படியோ மேலே வந்தால் எதிரே பிள்ளைகள் கட்டிய பாலம். அதைக் கடந்து அந்தப் பக்கம் என்ன என்று பார்க்கத்தான் போனேன்.

புகை வந்தபோது மணி நான்கரை.

நாற்பது வருஷமாகச் சமைக்கிறேன். கறி அடியோடு கரி. பாத்திரத்தைச் சாக்கைப் போட்டு மூடி வெளியே வைத்துவிட்டு முட்டை பொரித்தேன். பிள்ளைகள் கேட்டார்கள். "கறிக்கடைக்காரன் இன்னைக்கு அனுப்பல" என்றேன்.

பின்-ரூ மட்டும் மூக்கைச் சுளித்து வெளியே பார்த்தாள், பிறகு நான் அணைக்க மறந்த கணினியையும்.

மார்ச் 22, சனி

பெற்றோர் வந்தார்கள். பட்டியலைப் படித்தேன். பத்து. கட்டை விளையாட்டு அதில் இல்லை. முடிவில்லாத விளையாட்டு சாப்பாட்டுக்கு ஆகாது என்று சொன்னேன். ஹோங் தலைவர் தலையாட்டினார்.

வீட்டில் பின்-ரூ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கட்டை விளையாட்டை ஏன் எடுத்துட்டே?"

"ஏழு தடவை கூப்பிட்டேன்."

"உன்னைக் கூப்பிட ஆளில்ல, அதான் கறி கருகிப்போச்சு. கருக்கினது நீ. கடைக்காரன் மேல பழி. தண்டனை எங்களுக்கா?"

"பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?"

"பெரியவங்க பேசுற பேச்சா அது?"

மருமகள் உள்ளே இருந்து சிரித்ததைக் கேட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பின்-ரூ வகுப்புக்கு வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஐந்து நாளாகிறது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக அம்மாவோடு சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போய்விடுகிறாள். கணக்கு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், கணினியும் வேண்டாம் என்கிறாளாம். விரலில் இரண்டு வெட்டு. மருமகள், "வேகமா உடைக்கிறா அத்தை, கூலி குடுக்கலாம்" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அது சாதாரணமாக இல்லை. நானும் ஐந்தாம் வகுப்பில் இப்படித்தான் கொட்டகைக்குப் போனேன், ஒரு வாரத்துக்கு என்று. பிறகு யாரும் என்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.

நான் கூப்பிடலாம். என்ன சொல்லிக் கூப்பிட? சட்டம் என்னுடையது. சட்டம் தப்பில்லை. பொய்தான் தப்பு.

மார்ச் 31, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கரண்டியால் மேஜையைத் தட்டினேன். கறிக்கடைக்காரன் கறி அனுப்பினான், நான் விளையாடிக்கொண்டிருந்து கருக்கிவிட்டேன் என்று சொன்னேன். பாலத்தைத் தாண்டிப் பார்க்கப் போனதையும் சொன்னேன்.

கய்-லுன்தான் கேட்டான், "தாண்டினீங்களா பாட்டி?"

"தாண்டினேன்."

"அங்க ஒண்ணுமே இல்லயே. நாங்க இன்னும் கட்டல."

ஹோங் தலைவரிடமும் போனில் சொன்னேன். அவர் அடக்க முடியாமல் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்றைய கதை கொட்டகை வரைக்கும் போயிருக்கிறது. சாயங்காலம் பின்-ரூ வந்தாள். என்னிடம் பேசவில்லை. மூலையில் கிடந்த பன்னிரண்டாவது கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே அடுக்களைக்குள் வந்து, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னாலேயே டீச்சர், கையில் நீளமான ஒயர்.

"என்ன இது, என் அடுப்படியில?"

அவள் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். "ஊரை இதுல வச்சிட்டா மத்தவங்க எல்லாரும் இது வழியாத்தான் உள்ள வருவாங்க. இதுக்குப் படம் காட்ட வேண்டாம், சும்மா ஓடினாப் போதும். இதை நிறுத்தினா எல்லாரும் ஒரே நேரத்துல வெளிய வந்துருவாங்க. கட்டினது அப்படியே இருக்கும். யாருக்கும் நஷ்டமில்ல."

"யார் நிறுத்துறது?"

இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "சமைக்கிறவங்க."

டீச்சர் எனக்கு எந்த இரண்டு விசையைத் தட்ட வேண்டும் என்று காட்டினார். பின்-ரூவும் போய் உட்கார, எட்டுப் பேரும் மறுபடி ஊருக்குள் இறங்கினார்கள். சோறு வெந்ததும் மின்சாரப் பானையின் பொத்தான் 'டக்' என்று மேலே வந்தது. தட்டினேன்.

அந்தப் பக்கம் எட்டுப் பேர் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஹோங் தலைவர் பார்வையிட வந்தார். பதினொன்றாவது விளையாட்டு எப்படி வந்தது என்றார். எழுத்து மழையையும் கணக்கையும் முடித்தவர்களுக்குத்தான் அது திறக்கும் என்று பின்-ரூ சொன்னாள். நாங்கள் பேசி வைத்ததில்லை, ஆனால் இன்றுமுதல் அப்படித்தான். தலைவர் ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, பத்து என்பதைப் பதினொன்று என்று திருத்தினார்.

சந்தையில் இதைச் சொல்லக் கூடாது என்று பின்-ரூ கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

மீன் சூப். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

மே 6, செவ்வாய்

பக்கத்து ஊர் வகுப்பில் இருந்து பட்டியல் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பழைய பெட்டி, அதே லினக்ஸ், அதே தலைவலி. என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்று பின்-ரூ உட்கார்ந்து நகல் எடுத்தாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்தேன். விரல் வெட்டு ஆறிவிட்டது, பேனாவை நன்றாகப் பிடிக்கிறாள்.

அவள் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தேன். நான்கு கட்டமும் அப்படியே. கட்டை விளையாட்டுக்கு நேராக, எவ்வளவு நேரம் என்று நான் காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதியிருக்கிறாள் — சோறு ஆகும் வரை.