ஆற்று மணலுக்குக் கிடைத்த நற்சான்றும், பள்ளி மனையில் மறுபடி மண் எடுக்கக் கோருதலும்

அனுப்புநர்:
வூ வான் கொய்,
மூங்கில் தோப்புச் சந்து,
பென் தாவ் கிராமம்.

பெறுநர்:
சுற்றுச்சூழல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: மழலையர் பள்ளி கட்டவிருக்கும் பழைய ஈய உலை மனையில் ஆழத்திலிருந்து மண் மாதிரி எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோன ஆண்டு அது. ஊருக்கு முதல் தொலைக்காட்சி வந்து, கால்பந்து உலகக்கோப்பை பார்க்க ஏறியவர்களோடு ஊர் மன்றத்துக் கூரை இடிந்து உட்கார்ந்ததும் அதே ஆண்டுதான். அப்போது வடக்கு மூலையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் உலை போட்டார்கள். நான் வாசல் வரை நிலக்கரி வண்டி ஓட்டியவன். கசடைப் புதைக்க உலைக்குப் பின்னால் குழி வெட்டியவர்கள் மூவர். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதாக மருத்துவர்கள் சொன்ன பிறகு உலை மூடப்பட்டது.

2. அந்த மனையில் மழலையர் பள்ளி வரப்போகிறது என்றதும் ஊரே துள்ளியது. முதல் நாளே சேரப்போகிறவள் என் கொள்ளுப்பேத்தி.

3. தெத் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், தங்கள் அலுவலகத்து அதிகாரி ஹுயென் அம்மையார் மண் எடுக்க வந்தார். அவர்மீது குறை ஏதுமில்லை. குறை எங்கள் உபசாரத்தில். புத்தாண்டுக்கு வாசலைப் புதுக்குவது எங்கள் வழக்கம். அதிகாரி வருகிறார் என்றதும் மகளிர் சங்கத் தலைவி நியான், "வர்றவங்க அந்தக் கருமண்ணுலயா கால வைப்பாங்க? ஊரு மானம் என்னாவுறது!" என்று ஆற்று மணலை லாரி லாரியாகக் கொட்டிப் பரப்பி, சுற்றிலும் பூந்தொட்டிகளும் வைத்துவிட்டார்.

அதிகாரி கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, சாண் ஆழத்தில் கட்டத்துக்கு ஒரு பிடி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்தார். "இது இந்த எடத்து மண்ணுதானாம்மா?" என்று கேட்கவும் செய்தார். "பின்ன, அடுத்தூரு மண்ணா? எங்க மண்ணுதான் தாயி, எப்படி மின்னுது பாருங்க!" என்றார் நியான். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

4. ஈயம் துளியும் இல்லை என முடிவு வந்தது. பன்றி அடித்தோம். நானும் அரிசிச் சாராயம் குடித்து ஆடினேன். பக்கத்து வீட்டு முவோய் அக்கா மட்டும் புரையேறும்வரை சிரித்தார். "ஏன்டா கொய், நெலத்துக்காடா சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கீங்க? ஆத்துக்குல்ல வாங்கியிருக்கீங்க!" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

5. வெளியே சொன்னால் பள்ளி கைவிட்டுப் போகும் எனச் சிலர் அஞ்சினார்கள். "பெருசு, வாய மூடிக்கிட்டு இரு. வந்த பள்ளிக்கூடத்த வெரட்டாத" என்றார்கள். ஐயா, என் கொள்ளுப்பேத்தி மண் தின்பவள். ஊரில் எந்த மூலை மண் என்ன ருசி என்று அவளைத்தான் கேட்க வேண்டும். இதை மன்றத்தில் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு அவரவர் வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொண்டார்கள். மறுபடி மண் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கைதூக்கினார்கள். நியான் இரண்டு கையையும் தூக்கினார்.

6. ஆகவே, மணலை நாங்களே அள்ளிவிடுகிறோம். முழங்கால் ஆழத்திலும் இடுப்பு ஆழத்திலும் மண் எடுத்து, கலக்காமல் தனித்தனியே சோதித்துத் தர வேண்டும். குழியிருந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. அதுவரை கடைக்கால் தோண்டக் கூடாது. ஈயம் இருந்தால், கோயில் குளத்துத் தெற்கு மேட்டை ஊர் தருகிறது. அங்கும் துளையிட்டுப் பாருங்கள். பள்ளியை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டாம். இம்முறை தேநீர் தருவோம், மணல் போட மாட்டோம்.

7. குழி வெட்டியவர்களில் துவான் காய்ச்சலில் போனார். லிச் சென்ற ஆண்டு, பேரன் கல்யாணத்தில் பாடிக்கொண்டே போனார். மூன்றாமவர், "அந்தப் பொண்ணு வரட்டும், நானே குழி மேல போயி நிக்கிறேன். என் கால விட்டுட்டுத் தோண்டச் சொல்லு" என்கிறார். அவருக்கு வயது எண்பத்தாறு. விரைந்து வர வேண்டுகிறேன்.

இடம்: பென் தாவ்
நாள்: தெத் கழிந்த பன்னிரண்டாம் நாள்

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
வூ வான் கொய்
நான் சொல்லச் சொல்ல எழுதியவர்: என் மருமகள்

சாட்சி, குழி வெட்டியவர்களில் இன்றும் உயிரோடிருப்பவர்:
தாம் தி முவோய்