வளைந்த சிப்பிகள்

ஆகஸ்ட் 12, செவ்வாய். பாணேர்.

கட்ச்சிலிருந்து நான் எடுத்துவந்த புதைபடிவச் சிப்பிகளில் வளைந்தவற்றைப் புதிய இனம் என்றே நம்பியிருந்தேன். அதற்கு ஒரு பெயர்கூட மனதில் வைத்திருந்தேன். இன்று ஆய்வு நிறுவனக் கூட்டத்தில், போன வருடம் கோவையிலிருந்து வந்து சேர்ந்த ரேவதி எழுந்து, வளைந்ததும் தட்டையானதும் ஒரே இனம்தான் என்றாள். இயக்குநர் "பரோபர்!", ரொம்பச் சரி, என்று மராத்தியில் சொல்லி மேசையைத் தட்டினார். எனக்காக அவர் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.

அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டே மாலை முழுக்க மறுபடி அளந்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தட்டையிலிருந்து வளைவு வரை கொஞ்சம் கொஞ்சமாக மாறும் சிப்பிகள் எல்லாமே இருந்தன. உருக்குலைந்தவை என்று நானே ஒதுக்கிவைத்த பெட்டியில் இருந்தன.

கிளம்பும்போது ரேவதி வந்தாள். "அக்கா, இதை நாம சேர்ந்தே எழுதலாங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யார் பேரு முதல்ல வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க பேருதானுங்க்கா. சிப்பியெல்லாம் நீங்க எடுத்ததுதானே."

யோசிக்காமல் சொன்னாள். கொஞ்சம் தயங்கியிருந்தாலாவது அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.